எந்த ஊரில் வீடு எடுப்பது? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் மென்பொருள் வேலை. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு எங்கிருந்தும் வேலை பார்க்கலாம் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். காலை 10 முதல் இரவு 7 வரை மடிக்கணினி முன்னால் இருக்க வேண்டும், அவ்வளவுதான். தெருப் புகைப்படத்துக்காகவே ஓர் ஊரில் குடியிருக்க ஆசை. காசி, மும்பை, கொல்கத்தா மூன்றில் எது? கையில் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமராவும் 18 மி.மீ. லென்ஸும் இருக்கின்றன.

செ., கோவை

அன்புள்ள செ.,

வேலை நேரத்தைக் குறிப்பிட்டது நல்லதாயிற்று. கொல்கத்தாவுக்குப் போங்கள், அதிலும் வடகொல்கத்தாவுக்கு.

சுற்றிப்பார்க்கப் போகிறவர் ஊரின் சிறப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம். குடியிருக்கப் போகிறவர் முதலில் வெயிலின் நேரத்தைப் பார்க்க வேண்டும். நாடு முழுக்க ஒரே கடிகாரம் என்றாலும் கொல்கத்தாவில் ஜூன் மாதம் 4.50-க்கெல்லாம் சூரியன் வந்துவிடும், டிசம்பரில் 6.10 வாக்கில். பத்து மணி வேலைக்கு முன் படமெடுக்க நிறைய நேரம் இருக்கும். மும்பையில் ஜனவரிச் சூரியன் எழ 7.10 தாண்டிவிடும், ஜூன் கடைசியில் மாலை 7.20 வரை வெயில் நிற்கும். அந்த மாலை வெளிச்சத்தில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள். 7 முதல் 4 வரை வேலை என்றால் யோசிக்காமல் மும்பையைச் சொல்லியிருப்பேன்.

காசியின் படித்துறைகள் கிழக்கு பார்த்தவை, காலை வெயில் நேராக விழும். ஆனால் மழைக்காலத்தில் கங்கை ஏறிக் கீழ்ப்படிகள் மூழ்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. மற்ற மாதங்களில் கேமராக்காரர்கள் கூட்டம். பத்து நாள் போய்வர அருமையான ஊர், இரண்டு வருடத்துக்கு எனக்குச் சம்மதமில்லை.

கொல்கத்தாவில் தமிழர்கள் பெரும்பாலும் தெற்கே லேக் மார்க்கெட் பக்கம்தான் வீடு தேடுவார்கள். இட்லியும் பில்டர் காபியும் பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் நீங்கள் படம் எடுக்க வேண்டிய சந்துகள் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் வடக்கே இருக்கின்றன. முதல் மெட்ரோ ஏழு மணியை ஒட்டித்தான் கிளம்பும், ஞாயிற்றுக்கிழமை இன்னும் தாமதம். கோடையில் நீங்கள் போய்ச் சேர்வதற்குள் வெளிச்சம் கடுத்துவிடும். அதனால் ஷோபாபஜார், பாக்பஜார், ஷியாம்பஜார் பக்கம் வீடு பாருங்கள். களிமண் சிலை செய்பவர்களின் குமார்டுலியும் ஆஹிரிடோலா படித்துறையும் அங்கிருந்து நடக்கிற தூரம். ஹவுரா பாலத்தடியில் உள்ள மல்லிக் காட் பூச்சந்தைக்குக்கூட நடந்தே போகலாம். நியூயார்க்கில் புகைப்படக்காரர் சால் லைட்டர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே தெருவில் குடியிருந்தார். வீட்டைச் சுற்றியுள்ள சில தெருக்களிலேயே தன் படங்களில் பெரும்பகுதியை எடுத்தார். நடந்து போகிற தூரம் என்பது அவ்வளவு முக்கியம்.

அங்கே தெருக்களின் திசையும் உதவும். ஹூக்ளி ஆற்றை நோக்கிப் போகும் தெருக்கள் ஏறக்குறைய கிழக்கு மேற்காக ஓடுவதால், காலை வெயில் தெரு நெடுக வரும். ரவீந்திர சரணி (பழைய சித்பூர் ரோடு) வடக்கு தெற்காகப் போவது. அங்கே குறுக்குத் தெரு சேரும் இடங்களில் மட்டும் வெயில் பட்டையாக விழும். அந்தப் பட்டையில் ஆள் நுழையும் வரை காத்திருங்கள். தானியங்கி ஒளி அளவீட்டை நம்பினால் கேமரா இருண்ட சுவருக்கு அளவெடுத்து, வெயிலில் நிற்கும் முகத்தை வெளுக்கடித்துவிடும். மேனுவலில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 400, எஃப்/8 (லென்ஸ் துளை), 1/500 நொடி வைத்துத் தொடங்குங்கள். உங்கள் 18 மி.மீ. லென்ஸை எஃப்/8-இல் இரண்டு மீட்டருக்கு ஃபோகஸ் செய்து வைத்துவிட்டால் ஒரு மீட்டரிலிருந்து தொலைவு வரை எல்லாம் தெளிவாக இருக்கும். குறுகிய சந்துக்குப் பொருத்தமான லென்ஸ், மாற்ற வேண்டாம்.

குளிர்காலத்தில் மாலை ஐந்துக்கே இருட்டிவிடும். ஆனால் டிசம்பர் நண்பகலில்கூட சூரியன் அடிவானத்திலிருந்து 46 பாகையைத் தாண்டாது, நிழல் ஆள் உயரத்துக்கு நீளும். நவம்பர் முதல் பிப்ரவரி தொடக்கம் வரை சனி, ஞாயிறுகளில் பகல் முழுவதும் படம் எடுக்கலாம். எனக்கு இந்த ஊர் இவ்வளவு பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் பத்து நாள் தங்கிப் பாருங்கள். துர்கா பூஜை சமயத்தில் போகாதீர்கள். அப்போது எந்தத் தெருவில் நின்றாலும் படம் கிடைக்கும். அதை நம்பிக் குடியேறியவர்கள் சாதாரண செவ்வாய்க்கிழமையில் தவித்துப்போகிறார்கள். புழுக்கம் தாங்காத ஜூன் மாதத்தில், வேலையையும் பார்த்துக்கொண்டே காலை ஐந்துக்கு எழ முடிகிறதா என்று பாருங்கள். "தாதா, ஏக்டா சோபி துல்போ?" (அண்ணா, ஒரு படம் எடுக்கட்டுமா?) என்று கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். மறுநாளும் அதே தெருவில்தான் நடக்கப்போகிறீர்கள்.

மழைக்காலத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சின்ன ஈரப்பதமானியும் போட்டு 40 முதல் 50 சதவீதத்தில் வையுங்கள். இரவில் அந்த டப்பா ஏசி அறைக்கு வெளியே இருக்கட்டும். குளிர்ந்த லென்ஸ் தெருவுக்கு வந்ததும் ஆவி படிந்துவிடும், அது தெளிவதற்குள் நல்ல வெளிச்சத்தில் கால் மணி நேரம் போய்விடும்.