ஸ்க்ரப் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கேள்வி: 399 ரூபாய்க்கு வால்நட் ஸ்க்ரப் வாங்கினேன். 'தினமும் பயன்படுத்தலாம்' என்று போட்டிருந்தது. நாலே நாளில் கன்னம் சிவந்து எரிகிறது, பருவும் கூடிவிட்டது. திறந்த டியூபைத் திரும்ப வாங்க மாட்டேன் என்கிறார் கடைக்காரர். (மதுரை)

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை. அட்டையில் இருந்ததை நம்பித்தானே தேய்த்தீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள். வால்நட் ஓட்டை அரைத்தால் துகள்கள் கூரும் முனையுமாகத்தான் இருக்கும், பரு உள்ள முகத்தில் அது படவே கூடாது. நம் மாநிறத் தோலில் சிவப்பு அடங்கிய பிறகும் கருமை மாதக்கணக்கில் நிற்கும், அதனால் தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பில், மருத்துவர் சீட்டு, 'தினமும்' என்ற வரியின் போட்டோ மூன்றையும் சேர்த்து, அட்டையில் உள்ள நுகர்வோர் தொடர்பு முகவரிக்கு எழுதுங்கள். அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்யுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், இந்தத் தொகைக்கு அங்கே கட்டணம் கிடையாது.

கேள்வி: ஸ்க்ரப் போட்டால் நிறம் கூடுமா?

பதில்: கூடாது.

கேள்வி: 'பாதாம் ஸ்க்ரப்' என்கிறார்களே, உண்மையிலேயே பாதாம் இருக்குமா?

பதில்: எனக்கு வருஷக்கணக்கில் ஆறாத கோபம் இது. பொருட்காட்சி ஒன்றில் மூடி முழுக்கப் பாதாம் படம் போட்ட டப்பாவை 350 ரூபாய் கொடுத்து வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீர் டம்ளரில் கலக்கினால், நீல நீலமாகக் குருணைகள் மேலே வந்து மிதந்தன. பின்பக்கம் பார்த்தால் பொடி எழுத்தில் பாலிஎத்திலீன், அதாவது பிளாஸ்டிக். பாதாம் எண்ணெய் வாசனைப் பொருளுக்கும் கீழே, கடைசி வரியில் கிடந்தது. பட்டியலில் அளவு அதிகமுள்ளதுதான் முதலில் வரும், ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவை மட்டும் முன்பின்னாக இருக்கலாம். முகத்தில் தேய்த்துக் கழுவும் அந்தக் குருணை சாக்கடை வழியாக ஏரிக்கும் கடலுக்கும் போகிறது என்பதால்தான் அமெரிக்கா 2015-லேயே சட்டம் போட்டு, 2017 ஜூலையோடு அது கலந்த, கழுவிவிடும் அழகுப் பொருட்களின் உற்பத்தியை நிறுத்தியது. படத்துக்குக் காசு கொடுக்காதீர்கள், பின்பக்கத்தைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: பாதி விலை என்று ஆன்லைனில் மூன்று ஸ்க்ரப் வாங்கினேன். தேதி அழிந்திருக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம், இன்றே திருப்பி அனுப்புங்கள். ஒன்றை வாங்கிப் பார்க்காமல் மூன்று எதற்கு? விலையைப் பார்த்த கண் தேதியையும் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: எலுமிச்சையும் சர்க்கரையும்?

பதில்: முழங்கைக்கும் குதிகாலுக்கும் சர்க்கரை சரி. எலுமிச்சை வேண்டவே வேண்டாம், அதோடு வெயிலில் போனால் தோல் கொப்பளித்துவிடும்.

கேள்வி: அப்புறம் எதைத்தான் போடுவது?

பதில்: பரு இல்லாத முகம் என்றால் பயத்தமாவு போதும். வாரம் ஒரு தடவை, அரை நிமிஷம், அழுத்தாமல். மில்லில் அரைத்து வந்ததை அப்படியே போடாதீர்கள், பழைய வேட்டித் துணியில் சலித்து, கீழே விழும் நைஸ் மாவை முகத்துக்கு எடுத்துக்கொண்டு, துணியில் தங்கும் குருணையைக் காலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.