கதீட்டர் சிகிச்சைக்குப் பின் மகனால் கை தூக்க முடியவில்லை: பதில்

வணக்கம் சகோதரி. மயக்க மருந்து கொடுத்து மூன்று மணி நேரம் இதயக் கதீட்டர் சிகிச்சை (ரத்தக் குழாய் வழியே இதயத்துக்கு மெல்லிய குழாய் செலுத்திச் செய்வது) செய்தபின் மகனால் வலது கையைத் தூக்க முடியவில்லை, விரல்கள் மட்டும் அசைகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சிகிச்சையின்போது பக்கவாட்டு எக்ஸ்ரே படத்தை மறைக்காமல் இருக்கக் கைகளைத் தலைக்கு மேல் வைப்பார்கள். மயக்கத்தில் தசை தளர்ந்துவிடுவதால் கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக் கொத்து இழுபடலாம். விழித்திருந்தால் வலித்ததும் பிள்ளையே கையை இறக்கியிருப்பான்.

இப்படி இழுபட்ட நரம்பு பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடும். ஆனால் இது பக்கவாதம் இல்லை என்று டாக்டர் இன்றே பார்த்துச் சொல்லட்டும். முகம் கோணினாலோ காலும் தளர்ந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நரம்பு எவ்வளவு பாதிக்கப்பட்டது என்பதை நரம்புச் சோதனை சுமார் 3 வாரம் கழித்துத்தான் தெளிவாகக் காட்டும். அதுவரை கையை அசைக்காமல் சும்மா விட்டால் தோள் இறுகிவிடும், பிசியோதெரபி முக்கியம். அப்புறம், பிள்ளையை அக்குளில் பிடித்துத் தூக்காதீர்கள். சட்டை போடும்போது தூக்க முடியாத கையை முதலில் நுழைத்துவிடுங்கள்.