தெர்மோகோல் உருவத்தின் மேல் பூசிய ரெசினைத் தேய்க்கும்போது உப்புத்தாள் அடைத்துக்கொள்வது ஏன்? வழவழப்பாக முடிப்பது எப்படி?

குறை உங்கள் உப்புத்தாளில் இல்லை. நீங்கள் பூசியது எபாக்ஸி என்றே எடுத்துக்கொள்கிறேன்; பாலியஸ்டர் ரெசினாக இருந்திருந்தால் அதிலுள்ள ஸ்டைரீன் என்ற கரைப்பான் தெர்மோகோலைக் கரைத்திருக்கும், தேய்ப்பதற்கே ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எபாக்ஸி கையில் ஒட்டவில்லை என்பதால் அது காய்ந்துவிட்டது என்று பொருளல்ல. பல வகைகள் முழுதாக இறுக ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். நகத்தால் அழுத்தினால் தடம் விழாத நிலை வரும் வரையிலாவது காத்திருங்கள். மேலும், காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் எபாக்ஸியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்டனரிலுள்ள அமீன் என்ற வேதிப்பொருள் மேலே வந்து மெழுகு போன்ற படலமாகப் படியும். தாளை அடைப்பது பெரும்பாலும் அதுதான். அது தின்னரால் சரியாகப் போகாது. வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் போதும்.

திருமண மேடை ஒன்றுக்காக நான் செய்த யானைகள் இரண்டும் அடைமழைக் காலத்தில்தான் உருவாயின. மறுநாளே வண்ணம் அடிக்கச் சொன்ன ஏற்பாட்டாளரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு, கழுவி, உலர்த்தி, 120-ஆம் எண் தாளில் மேடுகளைத் தட்டி, 220-இல் சமன்செய்து, பிறகு 400-ஆம் எண் வாட்டர் பேப்பரை நீர் தொட்டுத் தேய்த்தேன். தும்பிக்கையின் மடிப்புகளில் தாளைச் சுற்றித் தேய்க்கும் கட்டை நுழையாது என்பதால் பஞ்சுத் துண்டில் தாளைச் சுற்றிக்கொண்டேன். யானைகள் கண்ணாடியைப் போல வந்தன, ஆனால் "தெர்மோகோல் பொம்மைக்கு இவ்வளவு கூலியா?" என்று அவர் பேரம் பேசினார். பொருளின் விலையைக் கூட்டிப் பார்ப்பவர்கள் தேய்த்த நாட்களைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

இயந்திரத்தில் தேய்த்தால் விரைவில் முடியுமே என்று சிலர் சொல்லக்கூடும். தட்டையான பரப்புக்கு நானும் அதை மறுக்கவில்லை. வளைவுகளில் ஒரே இடத்தில் சற்று நின்றாலும் சூட்டில் ரெசின் இளகும், உள்ளேயுள்ள தெர்மோகோலும் சுருங்கும்.

தேய்த்ததில் வெள்ளை மணிகள் எங்கேனும் வெளியே தெரிந்தால், அங்கே மறுபடி எபாக்ஸி பூசாமல் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்காதீர்கள். கார்களின் பள்ளங்களை நிரப்பும் பட்டியும் (புட்டி) வைக்காதீர்கள். முன்னதிலுள்ள கரைப்பானும் பின்னதிலுள்ள ஸ்டைரீனும் அந்தச் சிறு துளை வழியே இறங்கி உள்ளே பொந்தாக்கிவிடும். தேய்க்கும்போது என்95 முகக்கவசம் அணியுங்கள். அரைகுறையாக இறுகிய எபாக்ஸியின் தூள் தோலுக்கும் ஒவ்வாது, எனவே முழுக்கைச் சட்டையும் வேண்டும்.