'எப்.டி.ஏ. பதிவு பெற்றது' என்று போட்டிருந்தால் அனலைசரை நம்பி வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு சிறிய பரிசோதனை ஆய்வகத்தில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஹார்மோன் டெஸ்டுகளுக்குப் புது அனலைசர் (ரத்த மாதிரியைச் சோதிக்கும் கருவி) வாங்கப் போகிறோம். ஒரு நிறுவனத்தின் விளம்பரத்தாளில் 'எப்.டி.ஏ. பதிவு பெற்றது' என்று இருக்கிறது. இது போதுமா? பொருத்திய அன்றே நோயாளிகளுக்கு ரிப்போர்ட் கொடுக்கலாமா?

பதில்: போதாது. அன்றே ரிப்போர்ட் கொடுக்கவும் கூடாது.

'பதிவு' என்றால் தயாரிப்பாளர் தன் தொழிற்சாலையையும் பொருள்களையும் எப்.டி.ஏ.வின், அதாவது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின், பட்டியலில் சேர்த்திருக்கிறார், அவ்வளவுதான். கருவி சரியாக அளக்கிறதா என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. பதிவைக் காட்டி அங்கீகாரம் கிடைத்ததுபோல் சொல்வதே விதிமீறல். அதனால் அந்த விளம்பரத்தாளை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன்.

நீங்கள் கேட்க வேண்டியது 510(கே) அனுமதி. 1976-ல் வந்த சட்டத் திருத்தத்தோடு தொடங்கிய முறை இது. ஏற்கெனவே சட்டப்படி விற்பனையில் உள்ள ஒரு பொருளோடு தன்னுடையதை ஒப்பிட்டு, பாதுகாப்பிலும் செயல்திறனிலும் அதற்கு ஈடானது என்று தயாரிப்பாளர் தரவுகளோடு காட்ட வேண்டும். அனுமதி கிடைத்தால் 'கே' எழுத்தும் ஆறு இலக்கங்களும் கொண்ட எண் தருவார்கள். முதல் இரண்டு இலக்கங்கள் விண்ணப்பித்த ஆண்டைக் குறிக்கும். அந்த எண்ணை வாங்கி எப்.டி.ஏ.வின் பொதுத் தரவுத்தளத்தில் நீங்களே தேடுங்கள்.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பெட்டிக்கு அனுமதி இருந்தால் அதில் ஓடும் எல்லா டெஸ்டுக்கும் இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். சாதாரண கெமிஸ்ட்ரி அனலைசர் எப்.டி.ஏ. பிரிவுகளில் முதல் வகுப்பு, அதாவது அபாயம் குறைந்த கருவி; பொதுவாக அதற்குத் தனியாக 510(கே) தேவையில்லை. அனுமதி பெரும்பாலும் ரீஏஜென்ட் (டெஸ்டுக்கான வேதிப்பொருள்), கருவி, மாதிரி மூன்றும் சேர்ந்த அமைப்புக்கே. ஆகவே நீங்கள் செய்யப்போகும் ஒவ்வொரு டெஸ்டுக்கும் எண் கேளுங்கள். 'பயன்பாட்டு நோக்கம்' என்ற பத்தியை வரிவரியாகப் படியுங்கள். சீரமா, பிளாஸ்மாவா, எந்த ட்யூபில் எடுத்த ரத்தம் என்பதையும் பாருங்கள். அதிலிருந்து விலகினாலோ விலை குறைவு என்று வேறு நிறுவன ரீஏஜென்டைப் போட்டாலோ, அமெரிக்க மருத்துவ ஆய்வகங்களுக்கான கிளியா சட்ட விதிப்படி அது மாற்றப்பட்ட டெஸ்ட். உயர் சிக்கல் வகைக்குப் போய்விடும். உணர்திறன், ரத்தத்தில் உள்ள வேறு பொருள்களின் குறுக்கீடு உட்பட எல்லாவற்றையும் நீங்களே நிறுவிக் காட்ட வேண்டும். சிறிய ஆய்வகத்துக்கு அது பெரிய சுமை. 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று லேபிள் போட்ட ரீஏஜென்டை நோயாளி மாதிரிக்குத் தொடவே தொடாதீர்கள்.

சரி, எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. அப்போதும் சரிபார்ப்பு உண்டு. துல்லியம், திரும்பத் திரும்ப ஒரே அளவு வருகிறதா, ரிப்போர்ட் செய்யக்கூடிய வரம்பு, தயாரிப்பாளர் தரும் இயல்பு வரம்பு உங்கள் நோயாளிகளுக்குப் பொருந்துகிறதா ஆகியவற்றை முதல் ரிப்போர்டுக்கு முன்பே காட்ட வேண்டும் என்கிறது கிளியா. எத்தனை மாதிரி என்று அது சொல்லவில்லை, உங்கள் ஆய்வக இயக்குநர்தான் முடிவு செய்வார். ஐந்து நாள், நாளுக்கு ஐந்து முறை ஒரே மாதிரியை ஓட்டுவது வழக்கமான ஒரு முறை. இயல்பு வரம்புக்கு ஆரோக்கியமான 20 பேரின் மாதிரி எடுத்து, இரண்டுக்கு மேல் வெளியே போகாமல் இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள்.

இதை வெறும் காகித வேலையாக நினைக்காதீர்கள். ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்க அனுமதி பெற்ற கருவிகள், சிரையிலிருந்து (ரத்தக்குழாயிலிருந்து) எடுத்த ரத்தத்தில் அளவைக் குறைத்துக் காட்டக்கூடும் என்று 2017 மே மாதம் எப்.டி.ஏ. எச்சரித்தது. பாதிப்பு குழந்தைகளுக்கு. பல பிள்ளைகளுக்கு மறுபடி சோதனை செய்யச் சொன்னார்கள். அனுமதி இருந்தும் இது நடந்தது.

வாங்கும் ஒப்பந்தத்தில் ஒவ்வொரு டெஸ்டின் 510(கே) எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். உங்கள் சரிபார்ப்பில் கருவி தேறிய பிறகே கடைசித் தவணை என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.