முதலோடே ஐந்தில் ஒரு பங்கு

அன்புள்ள ஐயா,

போன வாரம் எங்கள் சபையில் லூக்கா 14-ஆம் அதிகாரத்துப் பெரிய விருந்து உவமையைப் பிரசங்கித்தார்கள். அன்றிலிருந்து மனம் நிலைகொள்ளவில்லை. பூர்வீக வீட்டை இடித்தபோது, தேக்குக் கதவு ஜன்னல்களை விற்று வந்த 40,000 ரூபாயை அண்ணனுக்குச் சொல்லாமல் நானே வைத்துக்கொண்டேன். அவருக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஜெபத்தில் உட்கார்ந்தாலே இதுதான் முன்னால் வந்து நிற்கிறது. கர்த்தர் ஓர் அடையாளம் காட்டினால் போகலாம் என்று உபவாசித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சபை மூப்பர் ஒருவரோ, "இரட்சிப்பு விசுவாசத்தால்தான், கிரியையால் அல்ல, இதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே" என்கிறார். தேவனுடைய அழைப்புக்கு இணங்குவது என்றால் நம்புவதா, செய்வதா?

ஒரு வாசகர்

அன்புள்ள சகோதரருக்கு,

அந்த உவமையில் அழைப்பு இரண்டு முறை வருகிறது. முதலில் விருந்துக்கு அழைத்தாயிற்று. பிறகு விருந்து வேளையில் ஊழியக்காரன் வந்து, "எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது, வாருங்கள்" என்கிறான். எஸ்தர் புத்தகத்தில் ராஜாவின் பிரதானியான ஆமானையும் முதல் நாளே அழைத்துவிட்டு, நேரம் வந்ததும் ஆள் அனுப்பிக் கூட்டிப்போகிறார்கள். ஆகவே லூக்கா 14-இல் போக்குச் சொன்னவர்கள் அழைப்பு வராதவர்கள் அல்ல. இரண்டாம் முறை ஆள் வந்து வாசலில் நின்றபோது நழுவியவர்கள். ஜெபத்தில் உங்கள் முன்னால் வந்து நிற்கிறதே, அது இந்த இரண்டாம் அழைப்பு என்றுதான் நினைக்கிறேன்.

போக்குச் சொன்ன அந்த மூன்று பேரில் கடைசி ஆளைக் கவனியுங்கள். வயல் வாங்கியவனும் ஐந்தேர்மாடு வாங்கியவனும் மன்னிப்பாவது கேட்டார்கள். புதிதாய்க் கலியாணம் செய்தவன் அதுகூடக் கேட்கவில்லை, "நான் வரக்கூடாது", அதாவது வர முடியாது, என்றான். அவன் கையில் வசனம் இருந்தது போலிருக்கிறது. உபாகமம் 24:5, புது மாப்பிள்ளைக்கு ஒரு வருஷம் யுத்தத்திலிருந்து விலக்குக் கொடுக்கிறது. யுத்தத்திலிருந்துதான், விருந்திலிருந்து அல்ல. உங்கள் மூப்பர் சொன்ன வசனமும் சத்தியமே. ஆனால் எபேசியர் 2:9-இல் நிறுத்திக்கொள்ளக் கூடாது. நற்கிரியைகளைச் செய்வதற்கென்றே சிருஷ்டிக்கப்பட்டிருக்கிறோம் என்று அடுத்த வசனமே சொல்கிறது. அண்ணன் பணத்தைக் கையில் வைத்துக்கொள்ள அந்த வசனம் இடம் தராது.

நம்புவதா செய்வதா என்று கேட்டீர்கள். எபிரெயர் 11:8-ஐ மெதுவாக வாசியுங்கள். விசுவாசத்தினாலே ஆபிரகாம் அழைக்கப்பட்டபோது, கீழ்ப்படிந்து, போகும் இடம் இன்னதென்று அறியாமல் புறப்பட்டுப்போனான். விசுவாசம், அழைப்பு, கீழ்ப்படிதல் எல்லாம் அந்த ஒரே வசனத்தில் இருக்கின்றன. நம் பேச்சிலும் அப்படித்தானே? "பையன் சொன்னதைக் கேட்டான்" என்றால், காதில் விழுந்தது என்றா புரிந்துகொள்கிறோம்? செய்தான் என்றுதான்.

அடையாளம் கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். நியாயாதிபதிகள் புத்தகத்துக் கிதியோன், இதன்மேல் மட்டும் பனி பெய்தால் அதுவே அடையாளம் என்று களத்தில் ஆட்டுத்தோலைப் போட்டான், உண்மைதான். ஆனால் "தேவரீர் சொன்னபடி" என்று அவனே ஆரம்பிக்கிறான். சொல்லியாயிற்று என்று அவனுக்கே தெரியும். தோலைப் பிழிந்து ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர் எடுத்த பிறகும் மறுநாள் இன்னொரு அடையாளம் கேட்டான். பயத்தில் கேட்கிறவனுக்கு ஒன்று போதாது. உங்களுக்கோ மத்தேயு 5:23, 24 எழுதியே இருக்கிறது: பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவுவந்தால், முதலில் போய் அவனோடே ஒப்புரவாகு. அங்கே உங்களுக்கு அவர்மேல் குறை என்று இல்லை, அவருக்கு உங்கள்பேரில் குறை என்று இருக்கிறது. பலிபீடம் எருசலேமில், கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலரோ கலிலேயர். நடந்தால் மூன்று நாள் வழி. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகித் திரும்பி வா என்றால், ஏறக்குறைய ஒரு வாரம். அத்தனை அலைச்சல் ஆகும் என்று தெரிந்துதான் இயேசு சொன்னார்.

இனி செய்ய வேண்டியது. எண்ணாகமம் 5:7-இன்படி, குற்றத்தை அறிக்கையிட்டு, முதலோடே ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். நாம் மோசேயின் நியாயப்பிரமாணத்தின் கீழ் இல்லை. ஆனாலும் அளவு தெரியாமல் தவிக்கிறவருக்கு இது நல்ல அளவு. நீங்கள் இருவர் மட்டும்தான் பங்காளிகள் என்றால் அண்ணன் பங்கு 20,000, அதில் ஐந்தில் ஒன்று 4,000, ஆக 24,000 ரூபாய். வரி வசூலித்த சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அது அவன் மனமுவந்து சொன்னது, உங்களுக்குக் கட்டளை அல்ல.

பலர் தவறுகிற இடம் ஒன்று உண்டு. அண்ணன் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, அந்தத் தொகையைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். எண்ணாகமத்தின் அடுத்த வசனம் அந்த வழியை அடைத்துவிடுகிறது. வாங்கிக்கொள்ள உறவினன் ஒருவனும் இல்லாவிட்டால்தான் அது ஆசாரியனைச் சேரும். உங்கள் அண்ணன் உயிரோடு இருக்கிறார்.

தனியாகப் போங்கள். போதகரையோ மாமாவையோ முதலிலேயே கூட்டிப்போனால் அது பஞ்சாயத்தாகிவிடும். முதலில் குற்றத்தைச் சொல்லுங்கள், பிறகு பணத்தைக் கொடுங்கள். முந்திப் பணத்தை நீட்டினால் வாயடைக்க வந்ததுபோல் இருக்கும். "கதவை வித்த காசை உங்களுக்குச் சொல்லாம எடுத்துக்கிட்டேன் அண்ணே, அது தப்பு" என்பதோடு நிறுத்துங்கள். "ஆனா நீங்களும் அன்னைக்கு..." என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும், வந்த காரியம் கெட்டுவிடும். அவர் கோபப்பட்டால் கேட்டுக்கொண்டிருங்கள், மூன்று வருடத்துக் கோபம் அது. வாங்க மறுத்தால் வற்புறுத்தாமல், "இது உங்க பங்கு, எப்ப கேட்டாலும் தர்றேன்" என்று சொல்லி, தனியாக எடுத்து வையுங்கள். வீட்டுச் செலவில் கலந்துவிடாதீர்கள்.

உங்கள் சபையில் அடுத்த திருவிருந்து ஆராதனை எந்த ஞாயிறு என்று பாருங்கள். அதற்கு முன் போய்வந்துவிடுங்கள்.