வருஷச் சாமானை இஎம்ஐ-யில் வாங்கலாமா?

கேள்வி: வீட்டில் நான்கு பேர். கணவருக்கு 38,000 ரூபாய் சம்பளம். மளிகைக்கே மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் போகிறது. மாமியார் காலத்தில் செய்ததுபோல் வருஷச் சாமானை மொத்தக் கடையில் வாங்கினால் பத்து சதவீதம் மிச்சமாகும் என்கிறார்கள். கிரெடிட் கார்டில் 40,000 ரூபாய்க்கு வாங்கி 12 மாத இஎம்ஐ-யாக மாற்றலாமா? ஃப்ரிட்ஜையும் பெரிதாக மாற்றும் யோசனை இருக்கிறது.
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாங்குங்கள், ஆனால் கார்டில் வேண்டாம். 40,000-க்கும் வேண்டாம்.

பத்து சதவீதம் மலிவு என்றால் உங்களுக்கு மிச்சம் சுமார் 4,400 ரூபாய். இஎம்ஐ வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வருஷத்தில் ஏறக்குறைய 3,550 ரூபாய் வட்டி, அந்த வட்டிக்கு ஜிஎஸ்டி 640. பிராசசிங் கட்டணத்தையும் சேர்த்தால் கையில் ஒன்றும் நிற்காது. பருப்பில் வண்டு விழுந்துவிட்டால் நஷ்டம்தான்.

உங்கள் மாமியார் இதில் லாபம் பார்த்தது கடைக்காரர் குறைத்த விலையால் மட்டும் அல்ல. எது தாங்கும், எது தாங்காது என்று அவருக்குத் தெரியும். தாங்குவது புளி, மிளகாய், மல்லி, பருப்பு வகை. ரவை, மைதா, கடலை மாவு தாங்காது. மலிவாகக் கிடைக்கிறதே என்று நானே ஒருமுறை ஐந்து கிலோ ரவை வாங்கி, பாதியைக் கோழிக்குப் போட்டேன். எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும், வேர்க்கடலையும் அப்படியே. இவை மாதக் கணக்கிலேயே இருக்கட்டும்.

ரேஷன் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும், பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறதே, அதைக் கணக்கில் எடுத்தீர்களா? வருஷத்துக்கு 12 கிலோ பருப்பு அதிலேயே கழிந்துவிடும். ரேஷன் அரிசி இட்லி மாவுக்கு ஆகும். இதையெல்லாம் தள்ளிப் பார்த்தால் உங்கள் பட்டியல் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்குள் அடங்கிவிடும்.

அந்தத் தொகைக்குக் கடன் எதற்கு? இந்த வைகாசியிலிருந்து மாதம் 1,250 ரூபாய் ஆர்டி, அதாவது வங்கியில் மாதாமாதம் கட்டும் சேமிப்பு, போடுங்கள். ஒன்பது மாதத்தில் 11,250 ரூபாயும் வட்டியும் சேரும். மாசி, பங்குனியில் புதுப்புளியும் புதுமிளகாயும் சந்தைக்கு வரும்போது கையில் ரொக்கம் இருக்கும். பேரம் பேசவும் வாய் வரும். அதே பணத்தை வங்கியில் விட்டு மாதாமாதம் எடுத்துச் செலவழித்தால் வருஷத்துக்கு 350 ரூபாய் வட்டி வந்தால் அதிகம். சாமானாக வாங்கினால் 1,250 ரூபாய் மிச்சம், எதுவும் கெடாமல் இருந்தால்.

கெடாமல் இருக்க: புளியைக் கொட்டை, நார் எடுத்து நன்றாக வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவி அடுக்கடுக்காக ஜாடியில் அமுக்குங்கள். எவர்சில்வர் டப்பா வேண்டாம், புளிப்பும் உப்பும் சேர்ந்து அரித்துவிடும். துவரம் பருப்பில் கிலோவுக்கு ஒரு ஸ்பூன் விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்தால் வண்டு அண்டாது. சமைக்கும்போது வெந்நீரில் அலசினால் போதும். மிளகாயைக் காம்போடு வையுங்கள். தூளாக அரைப்பது மூன்று மாதத் தேவைக்கு மட்டும். ஈரக் கரண்டி எதிலும் படக் கூடாது. உங்கள் மாமியார் பக்கத்தில் இருந்தால் என்னைவிட அவரையே கேளுங்கள்.

ஃப்ரிட்ஜ் விஷயத்துக்கு வருவோம். மேலே சொன்ன எதற்கும் ஃப்ரிட்ஜ் தேவையில்லை. இப்போது உள்ளே என்ன அழுகுகிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் கொத்தமல்லி, கீரை, மறந்துபோன மீதிக் குழம்பு. கொத்தமல்லியை வேர் நறுக்கி, கழுவாமல், பருத்தித் துணியில் சுற்றி வைத்தால் ஒரு வாரம் நிற்கும். தக்காளி மலிந்த வாரத்தில் தொக்காகக் கிளறிவிடுங்கள். காலையில் அவசரமாகச் சமைக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும். பெரிய ஃப்ரிட்ஜ் என்றால் மறந்துபோகிற குழம்புக் கிண்ணங்களும் கூடும். மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி ஓடுகிற வீடாக இருந்தால் இன்னும் யோசியுங்கள். அதைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும்.

இப்போதைய ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பர் தளர்ந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு காகிதத்தை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால், அது சுலபமாக வரக் கூடாது.