பீட்சா மாவு உப்பவில்லை, கடைக்காரர் மாற்றித் தரமாட்டாராம்

கேள்வி: பிள்ளைகள் கேட்டார்களே என்று போன வாரம் முதன்முறையாக வீட்டில் பீட்சா செய்யப் பார்த்தேன். பேக்கரி சாமான் கடையில் இத்தாலி ‘டபுள் ஜீரோ’ மாவு 1 கிலோ 15 ரிங்கிட்டுக்கு வாங்கினேன், கூடவே இன்ஸ்டண்ட் ஈஸ்ட் ஒரு பெரிய பாக்கெட். நல்ல சூடான தண்ணீரில் ஈஸ்ட்டைக் கரைத்துப் பிசைந்தேன். மூன்று மணி நேரமாகியும் மாவு கல்லாகவே கிடந்தது. கடையில் கேட்டால், “விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை” என்று சுவரில் ஒட்டியிருப்பதைக் காட்டுகிறார்கள். மாவு போலியா? பணம் திரும்பக் கிடைக்குமா?
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: மாவின் மேல் பழி போடாதீர்கள். ‘நல்ல சூடான தண்ணீர்’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு இடிப்பது அங்கேதான். ஈஸ்ட்டுக்கு உயிர் உண்டு. 60 டிகிரி சூட்டில் அது செத்துவிடும். குழந்தையைக் குளிப்பாட்டும் சூடு போதும். நம் ஊர் வெயிலுக்குக் குழாய்த் தண்ணீரே தாராளம்.

கடைக்காரரிடம் மறுபடி போவதற்குமுன் இதைச் செய்து பாருங்கள். அரை கப் வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை சீனி, மிச்சமுள்ள ஈஸ்ட்டில் ஒரு தேக்கரண்டி. பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்டி, புளித்த ஆப்ப மாவு வாசம் வந்தால் ஈஸ்ட் நன்றாகத்தான் இருக்கிறது, கொன்றது உங்கள் வெந்நீர். நுரையே இல்லையென்றால் பாக்கெட்டையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போங்கள். காலாவதித் தேதியையும் பாருங்கள். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். சுவரில் ஒட்டிய காகிதம் அந்த உரிமையைப் பறிக்காது. அதற்கும் மசியவில்லையென்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. ஒரு ஈஸ்ட் பாக்கெட்டுக்காக அங்கே ஏறி இறங்குவீர்களா என்பது வேறு விஷயம்.

மாவு விஷயத்துக்கு வருவோம். ‘டபுள் ஜீரோ’ என்பது மாவிலிருந்து தவிடு எவ்வளவு நீக்கப்பட்டது என்பதற்கான இத்தாலியக் கணக்கு. நேப்பிள்ஸ் பாணி விறகு அடுப்பில் 450 டிகிரி அனலில் பீட்சா ஒன்றரை நிமிடத்தில் வெந்துவிடும். அதற்குத்தான் அந்த மாவு எடுப்பு. நம் வீட்டு ஓவன் 250-ஐத் தாண்டாது. அதில் பத்து நிமிடம் வேகும்போது விளிம்பு வெளுத்து, காய்ந்து போகும். பேரங்காடியில் கிடைக்கும் சாதாரண ரொட்டி மாவே நமக்குப் பொருத்தம், விலையும் குறைவு. பாக்கெட்டின் பின்பக்கத்தில் 100 கிராமுக்குப் புரதம் 12 கிராம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கேக் மாவு மட்டும் வேண்டாம்.

500 கிராம் மாவு, 300 மில்லி தண்ணீர், 10 கிராம் உப்பு, ஒரு தேக்கரண்டி ஈஸ்ட். இன்ஸ்டண்ட் ஈஸ்ட்டைக் கரைக்கவே வேண்டாம், மாவோடு கலந்துவிடலாம். பத்து நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். சிறு உருண்டையை எடுத்து ரொட்டி சானாய் மாவு போல இழுத்தால், கிழியாமல் விரல் நிழல் தெரிய வேண்டும். ஈரத்துணி போட்டு மூடினால் நம் சூட்டுக்கு ஒரு மணி நேரத்தில் இரண்டு மடங்காகும். மிச்ச ஈஸ்ட்டைப் போத்தலில் இறுக மூடி ஐஸ்பெட்டியில் வையுங்கள்.

வாங்கிய இத்தாலி மாவு மீதி இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பூரிக்குப் பிரமாதமாக இருக்கும்.